விடிவதற்குள் கர்ண மோட்சம்

பாட்டி கதை சொல்ல உட்காருகிறாள். பேரன் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்கிறான். "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு பெண்ணாம்" என்று கதை புறப்படுகிறது. ராஜகுமாரி நந்தவனத்துக்குப் போகவேண்டும். அங்கே ராக்ஷஸன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பாட்டி தன் பாட்டியிடம் கேட்ட கதை அப்படித்தான். ஆனால் ராஜகுமாரி வாசற்படி தாண்டுவதற்குள் பேரன் எழுந்து உட்கார்ந்து, "அவள் போகமாட்டாள், பாட்டி! அவளுக்குக் காய்ச்சல்!" என்கிறான்.

இப்போது பாட்டி என்ன செய்வாள்? "சும்மா கேளடா!" என்று அதட்டினால் கதை நடக்கும், கேட்பதற்குத்தான் ஆள் இராது. "சரி, காய்ச்சல்தான்" என்று விட்டுவிட்டால் ராஜகுமாரியோடு கதையும் சேர்ந்து படுத்துவிடும். கெட்டிக்காரப் பாட்டி இவ்விரண்டையும் செய்வதில்லை. "ஆமாம் கண்ணா, அனலாய்க் கொதிக்கிற காய்ச்சல்! அதனாலே ராஜா வைத்தியனை அழைத்துவரச் சொன்னான். வந்தவன் வைத்தியனா? இல்லை! வைத்தியன் வேஷம் போட்டுக்கொண்ட ராக்ஷஸன்!" என்கிறாள். பேரன் வாயடைத்துப் போய் மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அவன் சொன்ன காய்ச்சலும் கதையில் இருக்கிறது. ராக்ஷஸனும் காலதாமதமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டான்.

இந்தச் சாமர்த்தியத்தையே மூலதனமாகக் கொண்ட விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் 1974-ஆம் வருஷம் வெளிவந்தது. காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்னும் இருவர் இயற்றிய அதற்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கதையை நடத்துபவர். அவர் இரவெல்லாம் கண்விழித்து ஒரு குகையையும் குகைக்குள் ஒரு பூதத்தையும் சிருஷ்டித்து வைத்திருப்பார். ஆட்டக்காரர்களோ, "குகைக்கு யார் வருவார்கள்? நாங்கள் சந்தைக்குப் போகிறோம்" என்பார்கள். அந்தச் சந்தையை அந்த க்ஷணத்திலேயே அவர் கட்டி எழுப்பியாகவேண்டும். நம் நேயர்களின் வீடுகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், இந்த ஆட்டத்தைப் பற்றி அவர்களே நம்மைவிட நன்றாக எடுத்துச் சொல்லக்கூடும்.

ஆனால் இந்த வித்தையைப் பார்ப்பதற்கு நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. சென்னையிலிருந்து மேற்கே திருவள்ளூருக்கோ, வடக்கே பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கோ புறநகர் ரயில் ஏறினால் போதும்.

ஆலைகளுக்கு நடுவே ஒரு களரி

கும்மிடிப்பூண்டி என்றால் இன்று எல்லாருக்கும் நினைவு வருவது சிப்காட் தொழிற்பேட்டை. திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர்த் தொழிற்பேட்டை. ஊத்துக்கோட்டைப் பக்கம் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். புகைபோக்கிகளும் பார வண்டிகளும் நிறைந்த பிரதேசம். காலை, மாலை, இரவு என்று மூன்று 'ஷிப்டு'களாக நாள் பிரிந்துகிடக்கும் சீமை.

ஆனாலும் பங்குனி, சித்திரை மாதங்கள் பிறந்துவிட்டால், இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில்கள் விழித்துக்கொள்கின்றன. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் அதே பாரதக் கதை தெருக்கூத்தாக நடக்கும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கூத்து. இரவு பத்து மணி சுமாருக்கு மேளம் கட்டினால் பொழுது விடியும்வரை ஓயாது. முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியமும் ஒரு பக்கம். கட்டையில் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு சலங்கை குலுங்க வரும் வேஷக்காரர்கள் மற்றொரு பக்கம். அந்தக் காலத்தில் தீப்பந்தம். பிறகு காஸ் விளக்கு. இப்போது மின்விளக்கும் மேலிருந்து தொங்கும் ஒலிவாங்கியும்.

இந்தக் கூத்துக்களில் கர்ண மோட்சத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. திருவிழாவில் மட்டுமன்றி, வடதமிழ்நாட்டுக் கிராமங்களில் வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமானால், கருமாதிச் சடங்கை ஒட்டியும் இதை ஆடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கர்ணன் தன் புண்ணியம் யாவற்றையும் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு மோட்சம் அடைவதைப் பார்த்தால், போன உயிருக்கும் நற்கதி உண்டாகும் என்பது நம்பிக்கை. ஆகையால் அந்த இரவில் கூத்து தடுமாறிப் பாதியில் நின்றுபோனால், நஷ்டம் வெறும் பொழுதுபோக்குக்கு மட்டும் அல்ல. துக்கத்தோடு முன்வரிசையில் பாய்விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கே பொய்த்துப் போகும். விடிவதற்குள் கர்ணன் மோட்சம் போய்ச் சேரத்தான் வேண்டும்.

வழியிலோ ஆயிரம் விக்கினங்கள்! துரியோதனன் வேஷம் கட்டுபவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கிருஷ்ணனாக வரவேண்டியவர் வேறு ஊரிலிருந்து வந்துகொண்டிருப்பார். புதிதாக வேஷம் கட்டிய பையன் வசனத்தை மறப்பான். ஒலிபெருக்கி ஊமையாகும். மழை தூறும். இத்தனைக்கும் நடுவில் கதையின் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவன் ஒருவன் உண்டு. அவன்தான் கட்டியங்காரன்.

கட்டியங்காரன் யார்?

கட்டியம் கூறுதல் என்றால் ராஜாவின் வருகையை விருதுகளோடு முழங்கி அறிவித்தல். அதைச் செய்கிறவன் கட்டியங்காரன். கூத்தில் அவன் ராஜசபைக்குக் காவலாளி, திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷத்தை "தாங்கள் யார்? எந்த தேசத்தை ஆள்பவர்?" என்று கேட்டுச் சபைக்கு அறிமுகம் செய்துவைப்பவன். தூதன் வேண்டுமா, அவனே தூதன். தேரோட்டி வேண்டுமா, அவனே தேரோட்டி. ஊர்ஜனங்கள் வேண்டுமா, அவன் ஒருவனே அத்தனை ஜனங்களும்! கட்டையும் கிரீடமும் அவனுக்கு இல்லை. லேசான உடையும் ஒரு குல்லாயும்தான். ராஜாக்கள் துவாபர யுகத்தில் இருப்பார்கள். அவன் மட்டும் ஒரு காலைத் துவாபர யுகத்திலும் மற்றொரு காலை நம் ஊர் ரேஷன் கடையிலும் வைத்துக்கொண்டு நிற்பான்.

பாட்டைக் கற்றுக்கொடுத்தவர் கூத்து வாத்தியார். அவர் மேளக்காரர்களோடு நின்று பின்பாட்டுப் பாடுவார். பாட்டு பிசகாமல் காப்பது அவர் பொறுப்பு. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் வசனம் பெரும்பாலும் ஆடுபவர்களின் சொந்தச் சம்பத்து. அதை அவிழ்ப்பதும் முடிவதும் கட்டியங்காரன் கை வரிசை. விருத்தமும் தருவும் நட்ட கம்பங்கள் என்றால், வசனம் அவற்றுக்கிடையே கட்டிய கயிறு. கயிறு எவ்வளவு ஆடினாலும் அடுத்த கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தாகவேண்டும்.

இந்தக் கலைக்கு ஏட்டில் எழுதிய இலக்கணம் எதுவுமில்லை. எனினும் நாலு கூத்தை விடியவிடிய உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குச் சில நியதிகள் தாமாகவே புலப்படும்.

எழுதாத இலக்கணம்

முதலாவது நியதி: சபை கண்டதை மறைக்கக்கூடாது. உதாரணமாக, சுழன்றாடும்போது கர்ணனுடைய கிரீடம் நழுவி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதைக் காணாததுபோல் மேலே ஆடினால் சபை கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், பாட்டைக் கேட்காது. கட்டியங்காரன் ஓடிவந்து அதைப் பயபக்தியோடு எடுத்து, "மகாராஜா, கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பவர் என்று கேள்விப்பட்டேன், கேட்காத பூமிக்குமா கிரீடத்தைக் கொடுப்பது?" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சபை சிரித்துவிடும். சிரித்த சிரிப்பிலே விழுந்த கிரீடமும் கர்ணனுடைய கொடைக் குணத்துக்கு ஓர் அத்தாட்சியாகிவிடும்.

இரண்டாவது: தடுமாறுபவனுக்குக் கேள்வியாக உதவவேண்டும். வசனம் மறந்து நிற்கும் பையனிடம், "இன்னது சொல்லடா" என்று எடுத்துக்கொடுத்தால் அவன் மானம் போகும். "மகாராஜா, தங்கள் முகம் வாடியிருக்கிறதே! நாளை யுத்தத்துக்குப் போகுமுன் அந்தப்புரத்தில் விடைபெற்று வரவில்லையே என்ற கவலையோ?" என்று கேட்டால், கேள்வியின் வயிற்றுக்குள்ளேயே பதில் இருக்கிறது. பையன் நிமிர்ந்து, "ஆம், அடே கட்டியக்காரா! பொன்னுருவியிடம் நான் வந்திருப்பதாகச் சொல்" என்பான். கதை தன் வழியே போகும். அவன் மறந்தான் என்பது சபையில் பலருக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது: காலத்தின் அளவு தெரியவேண்டும். கிருஷ்ணன் இன்னும் வந்து சேரவில்லையா? கர்ணனுடைய பிறப்பைக் குறைவாக எண்ணி ஒதுங்கியிருக்கும் பொன்னுருவிக்கும் அவனுக்கும் நடுவே தூதுபோகும் கட்டத்தைக் கட்டியங்காரன் அரைமணி நேரம் இழுப்பான். புருஷன் பெண்சாதி சண்டை என்றால் எந்த ஊர் ஜனங்கள்தான் தூங்குவார்கள்? மணி நாலாகியும் கர்ணன் தேர் ஏறவில்லையா? அதே கட்டத்தை நாலே வார்த்தையில் முடித்து அவனைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிடுவான். எங்கே நீட்டலாம், எங்கே சுருக்கலாம் என்று அறிந்தவனே கட்டியங்காரன். கர்ணன் அடிபட்டுக் கிடக்கக் கிருஷ்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தை யாசிக்கும் கட்டத்தை மட்டும் அவன் சுருக்கமாட்டான். அதில் ஹாஸ்யமும் பேசமாட்டான். அந்த வீட்டார் அந்த ஒரு கட்டத்துக்காகத்தானே இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்!

நான்காவது: பழி தன்மேல். ராஜா தப்பாகப் பேசினாலும், "என் காதுதான் செவிடு, மகாராஜா" என்பான். இதைப் பணிவு என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. இது சூட்சுமமான யுக்தி. ராஜாவின் மதிப்புக் குறைந்தால் கதையின் மதிப்புக் குறையும். கட்டியங்காரனுக்கோ மதிப்பென்று தனியாக ஒன்று இல்லாததால், குறைவதற்கும் ஒன்றும் இல்லை.

இந்த நியதிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். எழுதியதை ஒப்பிப்பவனுக்குத் தன் பங்கு தெரிந்தால் போதும். எழுதாததைப் பேசுபவனுக்கோ எல்லாருடைய பங்கும் தெரிந்திருக்கவேண்டும்; அதற்குமேல் முழுப் பாரதமும் தெரிந்திருக்கவேண்டும். வாய்க்கு வந்ததைப் பேசுவதுபோல் தோன்றும் ஆளே அந்தக் களரியில் அதிகம் படித்தவர்!

தெய்வம் குறுக்கிடும்போது

ஆட்டக்காரர்கள் தடம் மாறுவது ஒருபுறம் இருக்கட்டும். திரௌபதியம்மன் திருவிழாவில் பார்ப்பவர்களும் ஆட்டக்காரர்களே. அர்ச்சுனன் தபசு இரவில் உயர்ந்த கம்பத்தின்மீது ஏறி அர்ச்சுனன் பாடும்போது, மேலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் மடியில் ஏந்துவதற்குப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். பகாசுரன் கதையில் பீமன் சோற்று வண்டியேறித் தெருத்தெருவாக வருவான்; ஊரே அவனுக்குச் சோறிடும். கடைசியில் படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவாய்க் கிடக்க, பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், பிறகு தீமிதி. எங்கே கூத்து முடிந்து எங்கே ஊர் ஆரம்பமாகிறது என்று சொல்லவே முடியாது.

இவற்றுள் கடினமான இரவு துகிலுரியும் இரவு. துச்சாதனன் பாஞ்சாலியின் சேலைமேல் கை வைக்கும் வேளையில் களரியில் இருப்பவருக்கோ சபையில் இருப்பவருக்கோ மருள் வந்துவிடுவது உண்டு. அப்போது கட்டியங்காரனுடைய ஹாஸ்யம் செல்லாது. ஆட்டம் நிற்கும்; கற்பூரம் ஏற்றப்படும்; துச்சாதன வேஷக்காரரே அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பார். மருள் தணிந்தபிறகு மேளம் மெல்ல எழும்; கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். இதையும் நம் ஆசாமியின் இலக்கணத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும். எப்போது பேசவேண்டும் என்று அறிந்தவனைக்காட்டிலும் எப்போது வாயை மூடவேண்டும் என்று அறிந்தவன் பெரியவன்.

ஏடும் நாவும்

'இத்தனை தொல்லை எதற்கு? எல்லா வசனத்தையும் எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லிவிடலாமே!' என்று சில நேயர்கள் நினைக்கலாம். அப்படி நினைத்தவர்களில் சாமானியர் அல்லாதாரும் உண்டு.

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடியில் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். பெரிய நடிகர்களிடம் கட்டுப்பாடில்லாததைக் கண்டு அவர் மனம் சலித்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை என்னும் சிறுவர் கம்பெனியை ஏற்படுத்தினார். பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி பேசுவார்கள் அல்லவா? பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் சேர்ந்து வளர்ந்தவர்களே. அதே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி.கே. ஷண்முகம் தமது சுயசரிதையில் வியந்து கூறுகிறார். ஆகவே, பிறர் நாவுக்குக் கடிவாளம் போட்டவர் கையில் பேனாவாகப் பிடித்திருந்ததும் அந்த ஸமயோசித வித்தையேதான்!

இதே வழக்கு ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. இத்தாலியில் 1545-ல் பாதுவா நகரத்தில் நடிகர்கள் கூடிக் கம்பெனி ஒப்பந்தம் எழுதிக்கொண்ட காலந்தொட்டு, கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தை மேடையிலேயே பேசும் நாடகங்கள் செழித்தன. பிளமினியோ ஸ்காலா என்பவர் 1611-ல் அத்தகைய 50 கதைச் சுருக்கங்களை அச்சிட்டார். அடுத்த நூற்றாண்டில் கார்லோ கோல்டோனி என்ற நாடகாசிரியர் வந்து, வசனம் முழுவதையும் எழுதித்தான் தீருவேன் என்று முனைந்தார். அவருடைய புகழ்பெற்ற 'இரு எஜமானர்களின் வேலைக்காரன்' முதலில் வெறும் குறிப்பாக இருந்து, நடிகர்கள் ஆடி ஆடிப் பக்குவமான பிறகே முழு நாடகமாக எழுதப்பட்டது. ஏட்டுக்குச் சரக்கு நாவிலிருந்துதான் வந்தது.

நம் ஊரிலும் கூத்துக்கதைகள் அச்சில் இல்லாமற் போகவில்லை. சென்னை இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் முதலியோர் வெளியிட்ட மலிவுப் பதிப்புகளில் கர்ண மோட்சத்தைச் சில நாழிகையில் படித்துவிடலாம். ஆடுவதற்கோ ஓர் இரவு முழுவதும் வேண்டும். அச்சுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள அந்த வித்தியாசம் முழுவதும் பாட்டின் விரிவிலும் மேளத்திலும் கட்டியங்காரன் நாவிலும் இருக்கிறது.

சட்டத்துக்கு எட்டாத வசனம்

நாவுக்கு இருக்கும் இந்தச் சுதந்திரத்தைக் கண்டு அதிகம் அஞ்சியவர்கள் அரசாங்கத்தாரே. வெள்ளைக்கார சர்க்கார் 1876-ல் நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ராஜத் துவேஷமென்று தோன்றும் நாடகத்தைத் தடுக்க அதில் அதிகாரம் இருந்தது. ஆனால் எழுத்தில் இல்லாத வசனத்தை எப்படிப் படித்துப் பார்ப்பது?

ஸ்பெஷல் நாடகம் என்று நம்மவர் சொல்வதில், நடிகர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து அன்று மாலை வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது, மேடைமேல்தான் முதல் சந்திப்பு. வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை ஓட்டவேண்டும். அந்த நாடகத்தில் முருகனாக நடித்த தியாகி விசுவநாததாஸ் கொக்கைப் பற்றிப் பாடினால், அந்த வெள்ளைக் கொக்கு எந்தச் சீமையிலிருந்து வந்த கொக்கு என்று கொட்டகையில் இருந்த சிறு பிள்ளைக்கும் தெரியும். புராணக் கதையிலிருந்து ஓர் அடிகூட விலகியதாகச் சொல்லமுடியாது. ஆயினும் கதை முழுவதும் சுதேசக் கதையாகிவிட்டது. பலமுறை சிறை சென்ற அந்தத் தேசபக்தர், 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்தபடியே மேடையில் உயிர்நீத்தார்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தப் பயம் தீரவில்லை. அன்றன்றையப் பத்திரிகைச் செய்தியை அன்றிரவே மேடையில் நையாண்டி செய்தவர் எம்.ஆர். ராதா. அவருடைய நாடகங்கள் எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாகச் சென்னை ராஜ்யத்தில் 1954-ல் புதிய நாடகச் சட்டம் பிறந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புக் கூறியது. 1876-ஆம் வருஷத்துச் சட்டமோ 2018-ல்தான் ரத்தாயிற்று. ஒரு விதூஷகனுடைய நாவைக் கட்ட ஏற்பட்ட சட்டத்துக்கு ஆயுசு நூற்றுநாற்பது வருஷத்துக்கு மேல்!

ஆயினும் நாவின் சுதந்திரத்தை எல்லாரும் நன்றாகவே உபயோகித்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். சபையின் சிரிப்பைச் சுலபமாகச் சம்பாதிக்க ஆசைப்பட்டு, பெண்களையும் எளிய ஜாதியாரையும் அங்கஹீனர்களையும் இழிவாகப் பேசும் கட்டியங்காரர்களும் உண்டு. அதற்குக் கைதட்டும் சபைகளும் உண்டு. ராஜாவைக் கேலி செய்யப் பிறந்த வேஷம் ஏழையைக் கேலி செய்யும்போது, அது தன் கடமையை மறந்துவிடுகிறது. இதற்குச் சட்டம் மருந்தாகாது. எங்கே சிரிக்கவேண்டும், எங்கே சிரிக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று தெரிந்த சபையே மருந்து.

இனி என்ன?

கூத்து செத்துவிட்டது என்று சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையிலே கண்ணப்ப தம்பிரான் தலைமுறை தலைமுறையாக வந்த ஆட்டத்தைக் காத்து வளர்த்தார். அவர் ஆட்டத்தில் மனத்தைப் பறிகொடுத்த எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். காஞ்சீபுரத்தில் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்தது. அதன் குருகுலத்தில் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் உட்பட, பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள்.

நம்முடைய கவலை வேறு. பாட்டை எழுதிவைக்கலாம், ஆட்டத்தைப் படம்பிடித்து வைக்கலாம், கட்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். கட்டியங்காரன் கேட்ட கேள்வியையும் படம் பிடிக்கலாம். ஆனால் அவன் ஏன் அந்த க்ஷணத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டான் என்பதைப் படம் காட்டாது. அதைக் கற்பதற்கு ஒரே பள்ளிக்கூடம், எத்தனையோ இரவுகள் களரியோரத்தில் விழித்திருப்பதுதான். பகல் 'ஷிப்டு'க்கு ஆறு மணிக்கு ஆலை வாசலில் நிற்கவேண்டிய இளைஞனுக்கு அது எப்படிச் சாத்தியம்? எட்டு மணி நேரக் கூத்தை இரண்டு மணியாகச் சுருக்கும்படி கேட்கும் ஸ்தலங்களும் ஸபைகளும் வந்துவிட்டன. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது எழுதாத வசனமே. இரண்டு மணி நேரத்தில் எதுவும் தவறுவதற்கு இடமில்லை. தவறுவதற்கு இடமில்லாத மேடையில் தவறைத் திருத்துகிறவனுக்கு வேலை என்ன?

ஆனாலும் இந்தப் பிரதேசத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. தமிழும் தெலுங்கும் அக்கம்பக்கமாகப் பேசும் எல்லைச் சீமை இது. ஆலைகளின் நிமித்தம் பீஹார், ஒரிஸ்ஸா முதலான இடங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அர்ச்சுனனைத் தெரியும், கர்ணனைத் தெரியும். களரியோரத்தில் வந்து நிற்கும் அந்த அயலூர்த் தொழிலாளியைப் பார்த்து அவன் பாஷையிலேயே ஒரு வார்த்தை சொல்லி, அவனையும் அஸ்தினாபுரத்துப் பிரஜையாக்கிவிடக் கூடியவன் கட்டியங்காரன் ஒருவனே. எழுதிவைத்த வசனம் அவனைக் காணாது. எழுதாத வசனத்துக்குக் கண் உண்டு.

ஆகையால் நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். வரும் பங்குனி, சித்திரையில் ஓரிரவு குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். நடுநிசியில் எழுந்து வந்துவிடாமல் விடியும்வரை உட்காருங்கள். கிரீடம் வைத்த ராஜாவையே பார்த்துக்கொண்டிராமல், குல்லாய் வைத்தவனைக் கொஞ்சம் கவனியுங்கள். யாருக்கு எப்போது கை கொடுக்கிறான், எங்கே நீட்டுகிறான், எங்கே மௌனமாகிறான் என்று பாருங்கள். வீட்டுக்குத் திரும்பியபின் உங்கள் பேரன், "ராஜகுமாரி போகமாட்டாள், அவளுக்குக் காய்ச்சல்!" என்று சொன்னால் அதட்டாதீர்கள். வைத்தியனை வரவழையுங்கள்.

கதை எந்தச் சந்து வழியாகப் போனாலும் போகட்டும். விடிவதற்குள் கர்ணன் மோட்சம் போய்ச் சேர்ந்தால் சரி!